பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பிக்கலாமா? அரசுக் கல்லூரிச் சேர்க்கை முதல் இரண்டாம் பருவம் வரை

8 மே 2024, இரவு (கேள்வி)

என் தங்கை பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். இந்த வாரம் வெளியான பிளஸ் 2 முடிவில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் ஆகிய நான்கிலும் சேர்த்து 400க்கு 347 எடுத்திருக்கிறாள். பி.எஸ்சி. இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். பொறியியல் கிடைக்காதவர்கள் போய்ச் சேருவதுதான் பி.எஸ்சி. என்பது எங்கள் சித்தப்பாவின் கட்சி. நான் பத்தாவதோடு நின்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். எனக்கு இதில் எதுவும் தெரியாது. விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பித்தால் எங்கே? படித்து முடித்தால் என்ன?

9 மே 2024, காலை

தம்பி, முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் அந்த 2 ரூபாயை மட்டும் கட்டினால் போதும். இந்த 50 ரூபாயில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். சித்தப்பாவுடனான வாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனம் மாறும் வரை கடைசித் தேதி காத்திருக்காது.

9 மே 2024, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியதை இப்போது விரித்து எழுதுகிறேன். நான் காவிரிப் படுகையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, பிறகு எம்.எஸ்சி., பி.எட். முடித்து, இப்போது அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை நிரப்பித் தருவது வழக்கமாகிவிட்டதால், எங்கே சிக்கல் வரும் என்று ஓரளவு தெரியும்.

2020இல் கொரோனாக் காலத்தில் இந்தச் சேர்க்கை இணையத்துக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் வரிசையில் நின்று படிவம் வாங்க வேண்டும். இப்போது இணையதளம் ஒன்றுதான். ஆனால் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் இன்னமும் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியே நடக்கின்றன. பொறியியலைப் போல மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசை என்று எண்ணிக்கொண்டு, ஒரே ஒரு கல்லூரியைக் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

மதிப்பெண் கணக்கும் வேறு. பொறியியலில் கணிதம் முழுதாகவும் இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேர்ந்து 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். இங்கே தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களையும் அப்படியே கூட்டி 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். ஆகவே கணினி அறிவியலில் அவள் எடுத்த மதிப்பெண் பொறியியலுக்கு உதவாது, இங்கே உதவும். பி.ஏ. தமிழுக்கும் பி.ஏ. ஆங்கிலத்துக்கும் மட்டும் அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

இட ஒதுக்கீடு வழக்கமான 69 விழுக்காடுதான். பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் இனத்தவர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும், மதிப்பெண் இருந்தால் முதலில் அந்த 31இல்தான் இடம் பிடிப்பார். அங்கே முடியாதபோதுதான் தம் பிரிவுக்கு வருவார். பொதுப் பிரிவு என்பது ஒதுக்கீடு இல்லாத சாதிகளுக்கான இடம் என்று நினைக்கும் பெற்றோரிடம் இதைப் பலமுறை விளக்க வேண்டியிருக்கிறது.

10 மே 2024

இப்போது சித்தப்பாவுக்கு. "பொறியியல் கிடைக்காதவர்கள் சேருவது" என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். என் வகுப்பிலேயே பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தாம். பொறியியலுக்குப் பணம் இல்லாதவர்கள் சிலர், மருத்துவத்துக்கு மறுபடி எழுதப்போகிறவர்கள் சிலர், எந்தப் படிப்பானாலும் சரி ஒரு டிகிரி வேண்டும் என்று வந்தவர்கள் சிலர். மழைக்குப் பேருந்து நிழற்குடையில் ஒதுங்கியவர் போல, எப்போது கிளம்பலாம் என்ற நினைப்பிலேயே முதல் ஆண்டைக் கழித்தவர்கள் அவர்கள். பி.எஸ்சி.க்குக் கெட்ட பெயர் வந்தது பாடத்தால் அல்ல, இந்த மனநிலையால்.

உங்கள் தங்கை கேட்டுச் சேர்கிறாள். அந்த வேறுபாடு மிகப் பெரிது என்று நான் நினைக்கிறேன். முப்பது பேர் ஆய்வகத்துக்குப் போய் அளவீட்டைப் பக்கத்து மேசையில் பார்த்து எழுதும்போது, கருவியைத் தானே தொட்டுப் பார்க்க விரும்பும் ஒருத்திக்கு யாரும் போட்டி இல்லை. பெரிய பெயர் உள்ள நிறுவனத்தில்கூட இவ்வளவு தாராளமாகக் கருவி கிடைக்குமா என்பது சந்தேகம்.

12 மே 2024

கல்லூரிகள். பெரம்பலூரிலிருந்து போய்வரக்கூடிய அல்லது விடுதியில் தங்கிப் படிக்கக்கூடிய அரசுக் கல்லூரிகளில் திருச்சி தந்தை பெரியார் கல்லூரி, முசிறி அறிஞர் அண்ணா கல்லூரி, அரியலூர் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூரில் பெண்களுக்கான குந்தவை நாச்சியார் கல்லூரி ஆகியவை என் நினைவுக்கு உடனே வருகின்றன. பெரம்பலூரிலேயே குரும்பலூரில் ஒன்று இருக்கிறது. தூரத்தையும் பேருந்து நேரத்தையும் பார்த்து ஐந்தைக் குறியுங்கள். பல அரசுக் கல்லூரிகளில் காலைச் சுழற்சி (ஷிப்ட்), மாலைச் சுழற்சி என இரண்டு உண்டு. மாலைச் சுழற்சி முடிந்து ஊருக்குக் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்பதை இப்போதே விசாரித்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதற்கு இது ஒரு காரணமாக இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருச்சியில் உள்ள புனித வளனார், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, தேசியக் கல்லூரி போன்றவை அரசு உதவி பெறுபவை. அவை இந்தப் பொது இணையதளத்தில் வராது. அங்கங்கே தனி விண்ணப்பம். அப்துல் கலாம் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றது புனித வளனாரில்தான். புரத அமைப்புகளை ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரனும் அங்கே படித்தவர். விண்ணப்பிக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்: ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு, அரசு உதவி பெறும் பிரிவும், அந்த உதவி இல்லாத சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டடம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, கட்டணம் மட்டும் வேறு. "இடம் கிடைத்துவிட்டது" என்ற மகிழ்ச்சியில் எந்தப் பிரிவு என்று கேட்காமல் வந்தவர்கள், முதல் கட்டண ரசீதைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, பட்டத்தின் பெயர். தனியார் கல்லூரிகளில் இயற்பியலோடு வேறொன்றைச் சேர்த்து அழகான பெயர்களில் பட்டங்கள் இருக்கின்றன. பின்னாளில் ஆசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுக்கோ போகும்போது, அந்தப் பட்டம் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டிவரும். வெறும் "இயற்பியல்" என்றிருக்கும் பட்டத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது.

13 மே 2024

நெட் சென்டரில் விண்ணப்பிப்பதானால் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வுக் குறுஞ்செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அதைவிடக் கல்லூரியிலேயே இருக்கும் சேர்க்கை உதவி மையத்துக்குப் போவது நல்லது. அங்கே கூடுதல் பணம் கேட்க மாட்டார்கள்.

19 மே 2024

ஐஐஎஸ்இஆர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் பற்றி ஏன் பேசவில்லை என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அறிவியலை ஆராய்ச்சிக்காகவே படிக்க விரும்புபவர்களுக்கு அவை நல்ல இடங்கள். புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இருக்கின்றன, ஐந்தாண்டுப் படிப்பு, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள் கொண்ட நுழைவுத் தேர்வு. புவனேஸ்வரத்தில் நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2011 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடத்துகிறது. சென்னைக்கு அருகே சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் தன் சொந்த நுழைவுத் தேர்வின் மூலம் கணிதத்துக்கும் கணினி அறிவியலுக்கும் ஆள் எடுக்கிறது. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குக் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

குறை எங்கே என்றால், இவற்றுக்கான விண்ணப்பக் காலம் பிளஸ் 2 முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. க்யூட் போன்றவற்றுக்கு அதற்குள் முடிந்தும்விடுகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முடிவு வந்த பிறகுதான் "அடுத்து என்ன?" என்ற பேச்சே வீட்டில் எழுகிறது. இந்தப் பெண் இந்த ஆண்டு அவற்றில் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை என்பதால், இருக்கும் கதவுகளைப் பற்றி மட்டும் எழுதினேன். ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி எழுதலாமே என்று அதே நண்பர் சொல்கிறார். பனியன் கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் வயதுக்கு வந்த பெண் ஓராண்டு வீட்டில் இருந்தால் என்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியாது போலும். பெரிய இடங்களுக்குப் பி.எஸ்சி. முடித்துப் போகும் வழி ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

2 ஜூன் 2024

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். இதைப் பொதுவில் சொல்வதே நல்லது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிக்கு, பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். உங்கள் தங்கை பள்ளியில் தமிழ்வழி. கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறினால், பட்டதாரிப் பணிகளில் அந்த முன்னுரிமையை இழக்கிறாள். மாறாமல் தமிழ்வழியில் தொடர்ந்தால், ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் போன்ற நுழைவுத் தேர்வுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால் அங்கே கூடுதலாக உழைக்க வேண்டும்.

நான் தமிழ்வழியில் படித்தவன். என் கருத்து தமிழ்வழிக்கே சாய்கிறது, ஆனால் காரணம் முன்னுரிமை மட்டுமல்ல. ஆங்கிலவழி வகுப்பிலும் பெரும்பாலான ஆசிரியர்கள் தமிழில்தான் விளக்குகிறார்கள். மாணவர்கள் குறிப்புகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் படிப்பவர் புரியாததை எழுதினால் அவருக்கே அது தெரிந்துவிடும். ஆங்கிலக் கலைச்சொற்களை ஒரு தனி நோட்டில் முதல் நாளிலிருந்தே எழுதி வரட்டும்.

5 ஜூன் 2024

மேலே எழுதியதை மறுபடி யோசித்தேன். அவள் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று இப்போதே உறுதியாக இருந்தால், நான் ஆங்கிலவழியைச் சொல்லியிருப்பேன். பதினேழு வயதில் அந்த உறுதி யாருக்கு இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. அவளையே முடிவு செய்ய விடுங்கள். நீங்களும் நானும் சித்தப்பாவும் எழுதப்போகும் தேர்வு அல்ல.

12 ஜூன் 2024

பொதுக் கலந்தாய்வு தொடங்கிவிட்டது. முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்றோருக்கான சிறப்புக் கலந்தாய்வு முடிந்து, இப்போது தரவரிசைப்படி அழைக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு கல்லூரிகளில் அழைப்பு வந்தால், எதில் இயற்பியல் கிடைக்கும் வாய்ப்பு அதிகமோ அங்கே போங்கள். பெயர் பெரியது என்பதற்காக, தரவரிசையில் பின்னால் இருக்கும் இடத்துக்குப் போய் மாலை வரை உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

அசல் மாற்றுச் சான்றிதழ், பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், ஒவ்வொன்றிலும் சில ஜெராக்ஸ் பிரதிகள், புகைப்படங்கள், அன்றே கட்டுவதற்குப் பணம். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை. மற்ற கட்டணங்கள் சேர்ந்து சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். அவளோடு பெரியவர் ஒருவர் போகட்டும். கலந்தாய்வு அறையில் "இயற்பியல் முடிந்துவிட்டது, புள்ளியியல் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் தரமாட்டார்கள். இரண்டாவது விருப்பம் எது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் கணிதம். எம்.எஸ்சி. இயற்பியலுக்குத் திரும்பி வர வழி இருக்கும் இடங்கள் சில உண்டு, அப்படி வராவிட்டாலும் நட்டமில்லை.

23 ஜூன் 2024

கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. எந்தக் கல்லூரி என்று இங்கே போட வேண்டாம், பெண் பிள்ளை.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: முதல் கலந்தாய்வில் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் பொறியியல் கலந்தாய்வு நடக்கும்போது, பி.எஸ்சி.யில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதி மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார்கள். மருத்துவக் கலந்தாய்வு முடியும்போது இன்னும் சிலர். அந்தக் காலி இடங்களுக்காகத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. குறுஞ்செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம்.

7 ஜூலை 2024

வகுப்புகள் தொடங்கிவிட்டன. இனி படிப்பு.

மூன்று ஆண்டு, ஆறு பருவம். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3இல் மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்), அதற்கு மேல் சுற்றுச்சூழல் கல்வி, நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை. பொதுவாக ஒவ்வொரு தாளிலும் இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மூன்று தேர்வுகளும் ஒப்படைப்புகளும் சேர்ந்ததே இன்டர்னல். இதை அலட்சியம் செய்தவர் பருவத் தேர்வில் நன்றாக எழுதியும் கீழே நிற்பார்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் கருதுவது அலைடு கணிதத்தை. அதை "அலைடுதானே" என்று தள்ளிவைப்பவர்கள் மூன்றாம் பருவத்தில் திணறுகிறார்கள். பிளஸ் 2வில் மின்புலத்துக்கான காஸ் விதியை ஒரு மூடிய பரப்பின் படம் போட்டுக் கற்றிருப்பாள். சமச்சீரான பொருள்களுக்கு மட்டும் கணக்குப் போட்டிருப்பாள். பி.எஸ்சி.யில் அதே விதி டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளியே பரவுகிறது என்ற அளவு) என்ற வடிவில் வரும். கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் மூன்றும் என்ன அளக்கின்றன என்று படம் போட்டுச் சொல்லத் தெரிந்தால், மின்காந்தவியல் ஒரே பாடமாகத் தெரியும். தெரியாவிட்டால், ஐந்து மதிப்பெண் கேள்விகளின் குவியலாகத் தெரியும். என் காலத்தில் எங்கள் துறையில் அலைடு கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. கௌரவ விரிவுரையாளர் ஒருவர் வருவார், அவரும் பாதியில் வேறு ஊருக்குப் போய்விட்டார். நூலகத்தில் கிடைத்த பழைய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் மரத்தடியில் போட்டுப் பழகினோம். இப்போது ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணைய விரிவுரைகள் இலவசமாகக் கைப்பேசியில் கிடைக்கின்றன. மரத்தடி மட்டும் அப்படியே இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2024

பணம் பற்றி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. கல்லூரி வழியாகத்தான் பதிவு. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்திருக்க வேண்டும். ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை இரண்டு நாள் முன்பு கோவையில் தொடங்கியிருக்கிறார்கள். இது தவிரப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் நலத்துறைகளின் உதவித்தொகைகள் தனி. அந்த 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே இருக்கட்டும், தம்பி. அறிவியல் கணிப்பான், செய்முறைப் புத்தகம், பேருந்துச் செலவு என்று அவளுக்கே போதாது.

8 செப்டம்பர் 2024

ஆய்வகம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தங்கைக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளி விலகும் கோணத்தை அளக்கும் கருவி) இருட்டறையில் தலைவலி வருகிறது என்றும், "ரீடிங் வரமாட்டேன் என்கிறது" என்றும் கேட்டிருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

சோடியம் விளக்கைப் போட்டதும் அளக்கத் தொடங்கக் கூடாது. முதலில் அது இளஞ்சிவப்பாக எரியும். சோடியம் ஆவியாகச் சில நிமிடங்கள் ஆகும். மஞ்சள் நிறம் முழுதாக வந்த பிறகுதான் வேலை. அந்த இடைவெளியில் தொலைநோக்கியைச் சன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் மரத்தின் பக்கம் திருப்பி, இலைகள் தெளிவாகத் தலைகீழாகத் தெரியும் வரை சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் திருகைத் தொடக் கூடாது. பிறகு பிளவின் பிம்பத்தைப் பார்த்துக் காலிமேட்டரை, அதாவது விளக்கின் ஒளியை இணைக் கற்றையாக்கும் குழாயை, சரிசெய்ய வேண்டும். பிளவு மெல்லியதாக இருக்கட்டும்; அகலமாக வைத்தால் வெளிச்சமாக இருக்கும், ஆனால் குறுக்குக் கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாது. பெரும்பாலான தலைவலிக்குக் காரணம் இந்த ஆரம்பச் சரிசெய்தல்களைத் தாண்டிக் குதிப்பதுதான்.

சிறும விலக்கக் கோணம் (முப்பட்டகம் ஒளியை மிகக் குறைவாகத் திருப்பும் கோணம்) காணும்போது, முப்பட்டகத்தை வைத்திருக்கும் மேசையை மெல்லச் சுழற்றினால் மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், ஓரிடத்தில் நிற்கும், நீங்கள் அதே திசையில் சுழற்றிக்கொண்டிருந்தாலும் அது திரும்பி வரத் தொடங்கும். அது திரும்பும் இடத்தைக் கண்ணால் பிடிப்பதுதான் அந்தச் சோதனை. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு ஒளிவிலகல் எண் காண்பது யாராலும் முடியும். இரண்டு வெர்னியர்களையும் (நுண் அளவுகோல்கள்) படிக்கச் சொல்வது சடங்கு அல்ல. அளவுகோலின் மையமும் சுழலும் அச்சும் சரியாகப் பொருந்தாதபோது வரும் பிழை, எதிரெதிரே உள்ள இரண்டு அளவீடுகளின் சராசரியில் நீங்கிவிடுகிறது. இதைச் செய்முறைத் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்பார். நியூட்டன் வளையங்கள் என்ற சோதனைக்கு வரும்போது நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் மட்டும் திருப்ப வேண்டும். நடுவில் பின்னுக்குத் திருப்பினால் திருகின் தளர்வு முழுவதும் அளவீட்டில் ஏறிவிடும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது, கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகக் கோணத்தை அளக்கும் இதே வழக்கமான சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார். சாய்வாக விழும் ஒளியில் விளிம்பு விளைவுப் பட்டைகள் (விளிம்பில் ஒளி வளைவதால் தோன்றுபவை) இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனித்தார். அது 1906இல் லண்டனிலிருந்து வரும் பிலசாஃபிகல் மேகசின் இதழில் அவருடைய முதல் கட்டுரையாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ பேர் அந்தச் சோதனையைச் செய்து, கோணத்தை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே போயிருப்பார்கள். அவர் கேட்கப்படாத ஒன்றைப் பார்த்தார். அதே கல்லூரியில் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இளநிலை மாணவராக இருந்தபோது எழுதிய கட்டுரை 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பெரிய பெயர்களைச் சொல்லி அந்தப் பிள்ளையைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவள் கையில் இருப்பது அதே கருவி என்பதற்காக எழுதினேன்.

9 செப்டம்பர் 2024

ரெக்கார்டு நோட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் பழைய மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். வலப்பக்கம் எழுத்து, இடப்பக்கம் படமும் அட்டவணையும், ஒவ்வொரு சோதனைக்கும் ஆசிரியர் கையெழுத்து, கடைசியில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ்ப் பக்கம். இது இல்லாமல் செய்முறைத் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு சோதனை என்று அவ்வப்போது எழுதிவிட்டால் ஒன்றுமில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் பருவம் முழுவதையும் எழுதுபவர்களின் விடுதி அறையில், விருப்பமில்லாத நண்பர்கள்கூடத் தேர்ந்த ஓவியர்கள் ஆகிவிடுகிறார்கள்.

17 நவம்பர் 2024

பருவத் தேர்வுகள் நெருங்குகின்றன. மேஜரில் மட்டும் கவனம் செலுத்திவிட்டு, ஆங்கிலத்தில் அரியர் வைத்துக்கொள்ளும் புத்திசாலிகள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் கோட்டைவிட்டு அந்த உதவித்தொகையை இழந்தார் என்பதை இவர்கள் பெருமையாக மேற்கோள் காட்டுவார்கள். ராமானுஜனிடம் நோட்டுப்புத்தகங்கள் இருந்தன. நம்மிடம் இருக்கப்போவது மதிப்பெண் பட்டியல் மட்டுமே. 40 எடுத்தால் தேர்ச்சிதான், ஆனால் மேற்படிப்புக்குப் பல இடங்களில் 55 அல்லது 60 விழுக்காடு கேட்கிறார்கள்.

அடுத்த ஆண்டுக்காக ஒன்றைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சியாளரிடம் வேலை செய்ய மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பத்தோடு தான் என்ன செய்ய விரும்புகிறேன் என்று ஒரு குறிப்பும், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். அந்தப் பரிந்துரைக்காகவாவது ஏதேனும் ஓர் ஆசிரியருக்கு அவளுடைய பெயர் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது அதற்கு நல்ல தொடக்கம்.

9 பிப்ரவரி 2025

மே மாதம் தள்ளிவைத்த பகுதி இது. பி.எஸ்சி.க்குப் பிறகு என்ன?

இந்த மாதத் தொடக்கத்தில் ஜாம் தேர்வு நடந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரும், ஐஐடிகளின் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த ஆராய்ச்சிப் படிப்புக்கும் இதுதான் வாசல். 60 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 20 கேள்விகளுக்கு விடையை எண்ணாகத் தட்ட வேண்டும். தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இருக்காது, தவறுக்குக் கழிவும் கிடையாது. நம் பருவத் தேர்வில் சூத்திர வருவித்தல்களை எழுதிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எனவே நான்காம் பருவத்திலிருந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும். ஆறாம் பருவத்தில் தொடங்கினால் காலம் போதாது. க்யூட் முதுநிலைத் தேர்வு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு; மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் தனித்தனியே சேர்க்கை.

சித்தப்பா "வாத்தியார் வேலைதானே" என்று இப்போதும் சொல்கிறாராம். வாத்தியார் வேலைக்குக்கூட எளிதில் வந்துவிட முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள். பட்டதாரி ஆசிரியருக்குப் பி.எஸ்சி.யோடு இரண்டாண்டு பி.எட்., தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும். அதைத் தவிர, கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுக்கிறார்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர்கள் இயற்பியல் படித்து வந்தவர்களே. பாடத்தை மாற்றிக்கொள்ளவும் கதவு திறந்தே இருக்கிறது: சிதம்பரத்தில் பிறந்து, 1971இல் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த வெங்கி ராமகிருஷ்ணன், இயற்பியலிலேயே முனைவர் பட்டமும் வாங்கிய பிறகு, அமெரிக்காவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2009இல் அவருக்குக் கிடைத்தது வேதியியலுக்கான நோபல்.

16 பிப்ரவரி 2025

முதல் பருவ மதிப்பெண்ணைப் பார்த்தேன். அலைடு கணிதத்தில் 75க்கு 41 என்பது அவள் வருத்தப்படும் அளவுக்கு மோசம் இல்லை, ஆனால் நான் மகிழும் அளவுக்கு நன்றாகவும் இல்லை. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவளுடைய கல்லூரியில் அந்த வசதி இருந்தால் அதன் கடைசித் தேதி மறுமதிப்பீட்டுத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். எந்தக் கணக்கில் எந்த வரியில் தடுமாறினாள் என்று பார்த்து, இங்கே எழுதட்டும். கேள்வியை அவளே நேரடியாகப் பதிவிடலாம். இனி அண்ணன் வழியாக வர வேண்டியதில்லை.